ஏரி மீனும் எளிய ஆணமும்

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து முஸ்லிம் இல்லங்களில் எழுதப்படாத ஒரு வழக்கம் உண்டு. விருந்தாளி வந்தால் கறி. வீட்டார் மட்டும் என்றால் மீன். அதிலும் வீராணத்தில் பிடித்த ஜிலேபிக் கெண்டை என்றால், அதை விருந்தினர் முன் வைக்கத் தாய்மார்கள் பலர் கூசுவர். வளைகுடாப் பணம் ஊருக்குள் வந்த பிறகு இந்தக் கூச்சம் கூடியதே தவிரக் குறையவில்லை. விலை மலிந்த உணவு மதிப்பிலும் மலிந்தது என்று எண்ணிவிட்டோம். அந்த மண்சட்டிக்குள் கொதிப்பவை எங்கெங்கிருந்து வந்து சேர்ந்தன என்று பார்த்தால் அப்படி எண்ணத் தோன்றாது.

முதலில் ஏரி. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டப்பட்டது வீராணம். வீரநாராயணன் என்னும் அவனது பட்டப்பெயரே ஏரிக்குப் பெயராயிற்று. அவன் மகன் இராசாதித்தன் படைவீரர்களைக் கொண்டு இதை வெட்டுவித்தான் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டப்பட்டது. அங்கிருந்து வடவாறு வழியாக இன்றும் ஏரிக்கு நீர் வருகிறது. முழு நீர்மட்டம் 47.5 அடி. 2004 முதல் சென்னையின் குடிநீருக்கும் இந்த ஏரிதான் துணை நிற்கிறது. நெல்லுக்காக வெட்டிய ஏரி மீனையும் தந்தது. ஏரியை ஒட்டிய லால்பேட்டையில் 1862 முதல் ஜாமிஆ மன்பவுல் அன்வார் அரபுக் கல்லூரி நடந்து வருகிறது. மார்க்கக் கல்வியும் ஏரி மீனும் அருகருகே வளர்ந்த ஊர் அது.

ஆனால் நாம் இன்று மலிவாக வாங்கும் ஜிலேபி, சோழர் கண்ட மீன் அன்று. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அது 1952-இல்தான் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. தாய்மீன் முட்டைகளைத் தன் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும். ஆகவே எந்தக் குளத்தில் விட்டாலும் விரைவில் பெருகிவிடும். நாட்டுமீன்களின் இடத்தை அது பிடித்துக்கொண்டது என்னும் குறை நியாயமானதே. விராலும் கெளுத்தியும் விலை ஏறிய பிறகு ஏழைக் குடும்பத்தின் சட்டியை நிரப்பியதும் அதுவேதான். கட்லா, ரோகு ஆகியவற்றின் கதை வேறு. அவற்றின் குஞ்சுகளை ஆற்றிலிருந்துதான் திரட்ட வேண்டியிருந்தது. 1957-இல் ஒடிசாவில் ஹீராலால் சௌத்ரி என்னும் அறிஞர், ஊசி மருந்து செலுத்தி வளர்ப்புக் கெண்டையை முட்டையிடச் செய்தார். அதன் பின்னரே குளத்து மீன் எங்கும் கிடைக்கும் பொருளாயிற்று.

சட்டியில் உள்ள மற்றவற்றுக்கும் பயணக் கதை உண்டு. புளியை அரபியர் 'தமர் ஹிந்தீ', அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். ஐரோப்பிய மொழிகளில் அதன் பெயர் அந்த அரபுச் சொல்லிலிருந்து பிறந்ததே. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துப் பயிர். போர்ச்சுகீசியர் வழியாக 16-ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்தது. அதற்கு முன் நம் முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். அந்தப் பறங்கியரின் பெயரை இன்றும் தாங்கி நிற்கிறது நம் கடற்கரையின் பரங்கிப்பேட்டை. 'மஹ்மூது பந்தர்' என்றும் அதற்கொரு பெயர் இருந்தது. பிறர் குழம்பு என்பதை நாம் ஆணம் என்கிறோம். அதுவோ தூய தமிழ்ச் சொல்.

மஃரிப் தொழுகைக்கும் இஷாவுக்கும் இடையே கிடைக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றேகால் மணி. அதற்குள் ஐந்து பேருக்கான சோறும் மீனாணமும் ஆகிவிடும். ஒரு கிலோ மீனைச் செதில் நீக்கி, கல்லுப்பும் மஞ்சளும் இட்டுத் தேய்த்து மும்முறை கழுவினால் ஏரி மீனின் சேற்று வாடை போய்விடும். எலுமிச்சை அளவு புளியை ஊறவைத்துவிட்டு, சட்டியில் நல்லெண்ணெய் ஊற்றி வெந்தயம் தாளித்து, சின்ன வெங்காயம், பூண்டு, கறிவேப்பிலை, தக்காளி ஆகியவற்றை வதக்க வேண்டும். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் புளிக்கரைசலும் சேர்ந்து கொதித்து, பச்சை வாடை நீங்கி, எண்ணெய் மேலே தெளியும்போதுதான் மீனை இட வேண்டும். மெல்லிய தீயில் எட்டு நிமிடம் போதும். அகப்பையை உள்ளே விடாமல், துணியால் சட்டியைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்றுவது நம் பாட்டிமார் கற்றுத் தந்த முறை. கரையோர வீடுகளில் இதே ஆணத்தில் தேங்காய்ப்பால் சேரும். அது செலவைச் சற்றே கூட்டும்.

இனி மார்க்கம். அறுக்க வேண்டியதில்லை என்னும் ஒரே சலுகை மீனை ஏழையின் உணவாக்கியது. கடலில் வேட்டையாடப்படுவதும் அதன் உணவும் ஆகுமானவை என்பது அல்குர்ஆன் 5:96-இன் கருத்து. கடலோரத்து மரக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபி மத்ஹபினர்; உள்நாட்டு ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபிகள். ஹனஃபிகளுக்கு நீர்வாழ் உயிர்களில் மீன் மட்டுமே ஆகும். இறால் மீனா அல்லவா என்பதில் உலமாக்களிடையே நெடிய வாதம் உண்டு. தானாகச் செத்து மல்லாந்து மிதக்கும் மீனையும் ஹனஃபிகள் தவிர்ப்பர், ஷாஃபிகள் தடுப்பதில்லை. நீர் வற்றியதால் சிக்கி மடிந்த மீன் ஹனஃபிகளுக்கும் ஆகும். கோடையில் வீராணம் வறண்டு குட்டைகளாகும் ஊருக்கு இது ஏட்டளவுச் சட்டம் அன்று.

ஹிஜ்ரி 8-இல் அபூ உபைதா இப்னுல் ஜர்ராஹ் (ரலி) தலைமையில் முந்நூறு தோழர்கள் கடற்கரைக்கு அனுப்பப்பட்டனர். உணவு தீர்ந்து, நாளொன்றுக்கு ஆளுக்கு ஒரு பேரீச்சம்பழம் என்றானது. பின்னர் இலைகளை அடித்து உதிர்த்து நனைத்துத் தின்றனர். 'கபத்' என்னும் அந்த இலைகளே படையின் பெயராயின. அப்போது கடல் 'அம்பர்' என்னும் மாபெரும் மீனைக் கரையில் ஒதுக்கியது. பல நாள் அதை உண்டு உடல் தேறினர். மதீனா திரும்பி நபி (ஸல்) அவர்களிடம் சொன்னபோது, அது அல்லாஹ் அளித்த உணவு என்றார்கள். மிச்சம் இருக்கிறதா என்று கேட்டு வாங்கி உண்டார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் ஜாபிர் (ரலி) வழியாக இச்செய்தி பதிவாகியுள்ளது. அன்று அந்த மீனைக் கேட்டு வாங்கியவர் முன் வைக்க எவரும் கூசவில்லை.

விருந்தாளிக்கு மீன் வைப்பதாக இருந்தால் ஒரு யோசனை: முதல் நாள் இரவே ஆணத்தைக் காய்ச்சி மண்சட்டியிலேயே விட்டுவிடுங்கள். புளியும் உப்பும் மீனுக்குள் இறங்க ஓர் இரவு வேண்டும். கோடையானால் படுக்கும் முன் ஒரு கொதி விட்டு வைக்க வேண்டும். மறுநாள் காலை இட்டிலிக்கு ஊற்றும்போது, ஏரி மீனா கடல் மீனா என்று யாரும் கேட்க மாட்டார்கள். இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.