கம்பெனிக்கு ஓட்டு இல்லை

மக்களவைத் தேர்தலில் நிற்கப் பொதுப் பிரிவினர் 25,000 ரூபாய் டெபாசிட் கட்ட வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்கள் 12,500 கட்டினால் போதும். இந்தச் சலுகையைச் சொல்லிக் காட்டுகிறவர்கள் அடுத்த கணக்கைப் பேசுவதில்லை. பெரிய மாநிலங்களில் ஒரு வேட்பாளர் 95 லட்சம் வரை செலவழிக்கலாம்; கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு வரம்பே கிடையாது. தனித்தொகுதியில் நிற்கும் நம் ஆள் அந்தப் பணத்துக்குக் கட்சித் தலைமையிடம்தான் போய் நிற்கிறார். அந்தத் தலைமைக்கு யார் கொடுக்கிறார்கள்?

1957இல் டாடா இரும்பு எஃகு நிறுவனம், கட்சிகளுக்கு நன்கொடை தரும் வகையில் தன் நிறுவன விதிகளைத் திருத்திக்கொள்ள பம்பாய் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா, சட்டம் தடுக்கவில்லை என்பதால் அனுமதித்தார். ஆனால் இந்தப் பணம் ஜனநாயகத்தின் கழுத்தை நெரித்துவிடக்கூடும் என்று எச்சரித்து, நாடாளுமன்றம் இதைக் கவனிக்க வேண்டும் என்றார். 1960இல் வரம்பு வந்தது. 1969இல் இந்திரா காந்தி அரசு முழுத் தடையே போட்டது.

தடையின் நோக்கம் சுத்தமானது என்று நாம் நம்ப வேண்டியதில்லை. முதலாளிகளின் பணம் சுதந்திராக் கட்சி பக்கம் போய்க்கொண்டிருந்த காலம் அது. கம்பெனிப் பணத்துக்குப் பதிலாக அரசு நிதியும் வரவில்லை. விளைவு, காசோலையில் வந்தது கறுப்புப் பணமாகப் பெட்டியில் வந்தது. 1985இல் ராஜீவ் காந்தி அரசு தடையை நீக்கியது.

அந்தக் காலத்தில்தான் கன்ஷிராம் 1988 அலகாபாத் இடைத்தேர்தலில் வி.பி. சிங்கை எதிர்த்து நின்றார். ஓட்டோடு ஒரு ரூபாய் நோட்டும் கேட்டார். தோற்றார். ஆனாலும் நம் வரலாற்றில் தேர்தல் நிதி பற்றிய பெரிய பாடம் அதுதான்: காசு கொடுத்த சேரிக்காரர் அந்தக் கட்சியைத் தன்னுடையதாக நினைப்பார், கணக்கும் கேட்பார். பிறகு அதே பகுஜன் சமாஜ் கட்சி, 20,000 ரூபாய்க்கு மேல் யாரும் தரவில்லை என்று ஆண்டுதோறும் அறிக்கை கொடுத்தது. அதற்குக் கீழே கொடுத்தவர் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்பது சட்டம். நமக்கு இதில் பெருமையும் உண்டு, கேள்வியும் உண்டு.

2013 சட்டம் மூன்றாண்டு சராசரி லாபத்தில் 7.5 சதவீதம் என்று வரம்பு வைத்தது. 2017இல் அதுவும் போனது. நட்டத்தில் ஓடும் கம்பெனிகூடக் கொடுக்கலாம் என்றானது. அடுத்து வந்த தேர்தல் பத்திரங்கள் 16,000 கோடிக்கு மேல் விற்றன. பாதிக்கு நெருக்கமாக பாஜகவுக்குப் போனது. 1,368 கோடிக்கு வாங்கி முதலிடம் பிடித்தது லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங். 2003 முதல் லாட்டரிக்குத் தடை உள்ள நம் தமிழ்நாட்டின் திமுகவே அந்நிறுவனத்திடம் 509 கோடி பெற்றதாகக் கணக்குக் கொடுத்தது. சமூகநீதி பேசும் கட்சி என்பதால் நாம் இதைச் சொல்லாமல் விட முடியாது.

2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் பத்திரத்தை ரத்து செய்தது, லாப வரம்பை நீக்கிய திருத்தத்தையும் சேர்த்து. ஆனால் கம்பெனி நன்கொடை நிற்கவில்லை. தேர்தல் அறக்கட்டளைகள் வழியாகத் தொடர்கிறது. ஒரு மனிதர், ஒரு வாக்கு, ஒரு மதிப்பு என்று அண்ணல் அம்பேத்கர் 1949இல் அரசியல் நிர்ணய சபையில் பேசியது மனிதர்களைப் பற்றி. கம்பெனி அந்தக் கணக்கில் வராது. ஆகவே முழுத் தடை வேண்டும் என்கிறோம். ஆனால் 1969இல் செய்யாமல் விட்டதையும் சேர்த்தே கேட்கிறோம்: கட்சியின் செலவுக்கு வரம்பு, 20,000க்குக் கீழும் பெயர், தனித்தொகுதி வேட்பாளர் தலைமையிடம் கையேந்தாமல் நிற்க அரசு நிதி.