கைதட்டல் பார்த்து வெட்டிய கச்சேரி

வித்வான் பெயருக்கு முன்னால் ஊர் நிற்பது கர்நாடக சங்கீதத்தில் வழக்கம். அரியக்குடி, செம்மங்குடி, முசிறி எல்லாம் பழைய ஊர்கள். நெய்வேலி நகரியமோ 1956இல் பழுப்பு நிலக்கரி நிறுவனம் வந்த பிறகு பிளாக் பிளாக்காக எழுந்தது. அப்படியும் அந்தப் பெயர் மேடை ஏறிவிட்டது. வாய்ப்பாட்டுக்கு, மியூசிக் அகாடமியின் 2020ஆம் ஆண்டு சங்கீத கலாநிதி நெய்வேலி சந்தானகோபாலன். வயலினுக்கு ராதாகிருஷ்ணன். மிருதங்கத்துக்கு வெங்கடேஷ், நாராயணன், ஸ்கந்தசுப்ரமணியம். தம்பூரா போட மட்டும் ஆள் பிடித்தால் நெய்வேலியைக் கொண்டே ஒரு கச்சேரி வைத்துவிடலாம்.

இவர்களில் யாரோ ஒருவர் பாடியோ வாசித்தோ நகரியத்தில் ஒரு கச்சேரி நடந்தது, ரசிகர் ஒருவர் அதை டேப் ரெக்கார்டரில் பிடித்தார் என்று வைத்துக்கொள்வோம். தொண்ணூறு நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். மூன்று மணி நேரக் கச்சேரிக்கு இரண்டு கேசட். ராகம் உச்சத்தைத் தொடும்போதுதான் டேப் தீரும். திருப்பிப் போடும் அவசரத்தில் நாலு சங்கதி காற்றோடு போகும். பிறகு கேசட் கைமாறும், பிரதி எடுக்கப்படும், லேபிளில் பேனா மை மங்கும். பிரதி எடுக்கும் டெக் ஆறு சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறிவிடும். பாடியவருக்கே தெரியாத சுருதி அது.

இப்படிப்பட்ட பதிவு கணினிக்குள் வந்ததும் முதல் சிக்கல் பெயர்தான். ‘சந்தானகோபாலன்’, ‘ஆர். சந்தானகோபாலன்’, ‘நெய்வேலி சந்தானகோபாலன்’ மூன்றும் தரவுத்தளத்துக்கு மூன்று ஆட்கள். ‘நெய்வேலி’ என்று மட்டும் தேடினால் பாடகரும் மிருதங்கக்காரரும் ஒரே வரிசையில் வந்து நிற்பார்கள். மியூசிக்பிரைன்ஸ் என்ற திறந்த தரவுத்தளம் இதற்காகவே ஒவ்வொரு கலைஞருக்கும் 36 இடம் கொண்ட அடையாள எண் ஒன்றைத் தருகிறது. எழுத்துக்கூட்டல் எப்படி மாறினாலும் ஆள் மாறமாட்டார். ஐரோப்பிய ஆய்வு மன்றத்தின் நிதியில் 2011 முதல் 2017 வரை பார்சலோனாவில் சேவியர் செர்ரா நடத்திய ‘காம்ப்மியூசிக்’ திட்டம் இதையே நம்பியது. சென்னை ஐ.ஐ.டி.யில் ஹேமா மூர்த்தியின் குழு அதில் கூட்டாளி.

அடுத்தது வெட்டு. பழைய பதிவுகள் பெரும்பாலும் முழுக் கச்சேரியாக, ஒரே நீளக் கோப்பாகக் கிடக்கின்றன. எந்த உருப்படி எங்கே தொடங்குகிறது? சென்னைக் குழு 2012இல் பிடித்த நூல், சேகரிப்பாளர்கள் வேண்டாத இரைச்சலென்று ஒதுக்கிய கைதட்டல். பாட்டில் ஒலியின் ஆற்றல் சுருதியைச் சார்ந்த சில இடங்களில் குவியும். கைதட்டலில் எல்லா அதிர்வெண்களிலும் இறைந்து பரவும். இந்த வேறுபாட்டை அளந்து, 19 கச்சேரிகளில் சோதித்தார்கள். கால் விநாடித் துல்லியத்தில் பார்த்தபோது பிழை சுமார் 17 சதவீதம். கைதட்டலின் வலுவைக் கணக்கிட்டால் கச்சேரி எங்கே களைகட்டியது என்பதும் தெரிந்துவிடும். எனக்கு இந்த ஆய்வில் மிகவும் பிடித்தது இதுதான். சபையின் ரசனை, தான் அறியாமலே, ஒரு அட்டவணையில் பதிவாகிறது.

ஆனால் நம் சபைகள் பாட்டு முடியும்வரை காத்திருந்து தட்டுபவை அல்ல. ராக ஆலாபனைக்கு ஒரு தட்டு, வயலின் பதிலுக்கு ஒன்று, தனி ஆவர்த்தனத்துக்கு ஓங்கி ஒன்று. கைதட்டல்தோறும் வெட்டினால் ஒரே உருப்படி மூன்று நான்கு துண்டாகும். எனவே 2013இல் அதே குழு, ஒவ்வொரு துண்டிலும் ஒலிப்பது குரல் மட்டுமா, வயலின் மட்டுமா, தனி ஆவர்த்தனமா, எல்லோரும் சேர்ந்த கீர்த்தனையா என்று பிரித்தறிந்து, ஒரே உருப்படியைச் சேர்ந்தவற்றை மறுபடி ஒட்டியது.

பிறகு சுருதி. ஒரு கட்டைக்காரரின் ஷட்ஜம் ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். ஐந்து கட்டையில் பாடுபவருக்கு 196. இரண்டு கல்யாணி ராகப் பதிவுகளை அருகருகே வைத்துப் பார்க்க, முதலில் இரண்டின் ஆதார ஷட்ஜமும் தெரிய வேண்டும். பின்னணியில் ஓயாமல் ஒலிக்கும் தம்பூராதான் அதைக் காட்டிக்கொடுக்கிறது. அதன்பின் ராகம். 40 ராகம், 480 பதிவு, 124 மணி நேரம் கொண்ட தொகுப்பில் பார்சலோனா குழுவின் 2016ஆம் ஆண்டு முறை 86.7 சதவீதம் சரியாகச் சொன்னது. பைரவி-முகாரி, அரிகாம்போதி-காம்போதி போன்ற நெருங்கிய சொந்தங்கள்தான் இவ்வகை முறைகளுக்குத் தொல்லை. முன்வரிசை ரசிகர்களும் அங்கேதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

கடைசியாக, கலந்த ஒலியிலிருந்து குரலை மட்டும் பிரித்தெடுக்கும் வேலை. அதைக் கணினிக்குக் கற்றுக்கொடுக்கக் கலப்பில்லாத தனித்தனிப் பதிவுகள் வேண்டும். கர்நாடகக் கச்சேரியில் அது நடக்காது. ஒருவர் முகம் பார்த்து ஒருவர் வாசிப்பதால் எல்லோரும் ஒரே மேடையில். பாடகரின் மைக்கிலும் மிருதங்கம் விழும். பார்சலோனா குழுவின் ‘சரகா’ தொகுப்பில் தனித்தனி மைக் பதிவுகளே 168 உண்டு. அவற்றிலும் இந்தக் கசிவு இருக்கிறது. சுத்தமான பதிவு கிடைக்காததால், கசிவுள்ள பதிவுகளைக் கொண்டே பயிற்றுவிக்கும் முறை ஒன்றை அந்தக் குழு 2023இல் வெளியிட்டது. நெய்வேலிக் கேசட்டுக்கு இன்னொரு சங்கடம் கூடுதலாக உண்டு: அதில் மைக்கே ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் பார்வையாளர் வரிசையில்.