களஞ்சியத்தில் ஓர் கலியாணம்

அரிவுவெட்டு முடிந்து, கதிர் வீடு வந்து சேர்ந்த பின்னர்தான் கமக்காரன் வீட்டில் கலியாணப் பேச்சுக் களைகட்டும். இது எமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கடல் கடந்த நெதர்லாந்திலும் நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் அப்படித்தான் இருந்தது. அங்கே ஓர் இலையுதிர்காலத்தில் நடந்த கமவீட்டுக் கலியாணம் ஒன்று இன்றுவரை அழியாமல் இருக்கின்றது. அதனை அழியாமல் வைத்தவர் பீற்றர் புறூகல் என்ற ஓவியர். 1567ஆம் ஆண்டளவில், தமது வாழ்வின் இறுதிக் காலத்தில், அவர் பலகையில் தீட்டிய அந்த ஓவியம் வியன்னா நகர நூதனசாலையில் உள்ளது.

மண்டபம் எதுவும் இல்லை. களஞ்சியமே கலியாண வீடு. பின்சுவர் போலத் தோன்றுவது கூரைவரை அடுக்கிய வைக்கோல். அதில் வைக்கோல் வாரும் கருவி ஒன்றைக் குத்தி, இரண்டு கதிர்க்கட்டுகளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். அறுவடை முடிந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. பச்சைத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, அதன்மேல் ஒரு முடியைக் கட்டி, கீழே மணப்பெண்ணை இருத்தியிருக்கிறார்கள். கைகளைக் கோத்தபடி, கண்களைத் தாழ்த்தி அவள் அசையாமல் இருக்கிறாள். சுற்றிலும் இரைச்சல், அவள் மட்டும் மௌனம்.

மாப்பிள்ளை யார்? அறிஞர்கள் இன்னமும் முடிவு காணவில்லை. பியர் வார்ப்பவன் என்பார் சிலர். பாத்திரங்களை எடுத்துப் பந்திக்குக் கொடுப்பவன் என்பார் வேறு சிலர். சாப்பாடு வருவதோ கழற்றிய கதவொன்றின்மேல்! இரண்டு பேர் அதனைச் சுமந்து வருகிறார்கள். ஒருவனின் தொப்பியில் கரண்டி செருகியிருக்கிறது. பாத்திரங்களில் இருப்பது இறைச்சியல்ல, வெறும் கூழ். துருத்திக்குழல் வாசிப்பவர்களுள் ஒருவன் வாசிப்பை மறந்து அந்தக் கூழையே பார்த்து நிற்கிறான். தரையில் இருக்கும் பிள்ளை, தலையை மறைக்கும் பெரிய தொப்பியோடு, பாத்திரத்தை வழித்து விரலைச் சூப்புகிறது.

இந்த ஓவியத்தைப் பெருந்தீனியின் கேலிச்சித்திரம் என்று சொன்ன விமர்சகர்கள் உண்டு. நாட்டுப்புறத்தான் கிடைத்ததை விழுங்குகிறான், நகரத்தான் பார்த்துச் சிரிக்கிறான் என்பது அவர்களின் வாதம். ஆனால் காலத்தை நோக்குங்கள். 1564ஆம் ஆண்டு இறுதியிலிருந்து 1565 வரை நீடித்த மாரிகாலம் மிகக் கொடியது. அதனைத் தொடர்ந்து தானியம் அரிதாகி விலை ஏறியது. 1566ஆம் ஆண்டில் பட்டினியும் மதக் கலகமும் ஒன்றாக வந்தன. அந்தப் பஞ்சத்தை அனுபவித்தவர்கள்தான் இந்தப் பந்தியில் இருக்கிறார்கள். குழல்காரனின் பார்வையில் பேராசை இல்லை, பசிதான் இருக்கிறது. ஓவியத்தில் வெறித்து விழுந்தவன் ஒருவனும் இல்லை. கூழைக் கூடக் கவனமாக, சிந்தாமல் கைமாற்றுகிறார்கள். பசியை அறிந்தவன்தான் உணவை இப்படி மதிப்பான்.

இன்னுமொரு செய்தி. ஐந்தாம் சார்ள்ஸ் பேரரசர் 1531இல் ஒரு கட்டளை பிறப்பித்தார். கலியாண விருந்துக்கு இருபது பேருக்கு மேல் அழைக்கக் கூடாது என்பது அதில் ஒரு விதி. புறூகலின் களஞ்சியத்தில் வாசலில் முண்டியடிப்போரையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள், கணக்கு இருபதைத் தாண்டிவிடும். சட்டம் அரண்மனையில் எழுதப்பட்டது. உறவு முறை ஊரில் வாழ்ந்தது. கலியாண வீட்டு வாசலில் வந்து நிற்பவனைத் திருப்பி அனுப்ப எந்தக் கமக்காரனுக்கு மனம் வரும்?

வாசலுக்கு வெளியே இருந்த உலகமோ இருண்டது. 1567 ஓகஸ்டில் அல்பா கோமகன், ஸ்பானிய மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆணைப்படி, ஏறத்தாழ பத்தாயிரம் படைவீரருடன் புறூகல் வாழ்ந்த பிரசெல்ஸ் நகருக்கு வந்தார். அவர் அமைத்த விசாரணை மன்றத்தை மக்கள் 'இரத்த மன்றம்' என்றே அழைத்தனர். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதன் தீர்ப்பால் மாண்டனர். 1568இல் தொடங்கிய யுத்தம் எண்பது ஆண்டுகள் நீடித்தது. 1569இல் புறூகல் காலமானார். சாவதற்கு முன்னர், கேலி மிகுந்த சில சித்திரங்களை எரித்துவிடும்படி மனைவியிடம் சொன்னார் என்று, அவரது வரலாற்றை 1604இல் வெளியிட்ட காரல் வன் மண்டர் எழுதுகிறார். மனைவிக்குத் தீங்கு வரலாம் என்ற அச்சமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது அவர் கூற்று.

அதே நூலாசிரியர் மற்றொரு கதையும் சொல்கிறார். புறூகலும் ஹான்ஸ் பிறாங்கேற் என்ற வணிக நண்பரும் கமக்காரர் போல் உடுத்து, பரிசும் எடுத்துக்கொண்டு, பெண் வீட்டார் அல்லது மாப்பிள்ளை வீட்டார் என்று சொல்லி ஊர்க் கலியாணங்களுக்குப் போவார்களாம். உண்மையோ, கட்டுக்கதையோ, ஓவியத்தின் உள்ளம் அதில் இருக்கிறது. வேடிக்கை பார்க்க வந்தவன் வாசலில் நிற்பான். உறவென்று வந்தவனுக்கே பந்தியில் இடம்.

அமெரிக்கக் கவிஞர் வில்லியம் கார்லோஸ் வில்லியம்ஸ் புறூகலின் ஓவியங்களைக் கவிதைகளாக்கிய தொகுதி 1962இல் வெளியாகி, அடுத்த ஆண்டு புலிற்சர் பரிசு பெற்றது. இந்தக் கலியாணமும் அதில் ஒன்று. ஆனால் விதியின் விளையாட்டு வேறு. இருபது பேர் என்று வரையறுத்த சார்ள்ஸும், படை அனுப்பிய பிலிப்பும் ஹப்ஸ்பேர்க் வம்சத்தவர். பின்னாளில் இந்த ஓவியத்தைத் தம் சேகரிப்பில் பெருமையுடன் சேர்த்துக்கொண்டதும் அதே வம்சம்தான். அந்த வம்சத்தின் ஆட்சி 1918இல் முடிந்தது. கழற்றிய கதவில் கூழ் மட்டும் இன்னமும் பந்திக்கு வந்துகொண்டே இருக்கிறது.