பாலை வழியில் ஓர் ஆற்றுப்படை

பாலைத்திணைக்குரிய பொழுதுகள் வேனிலும் நண்பகலும் என்பதும், உடன்போக்கில் தலைவனும் தலைவியும் கடந்து செல்லும் வழி பாலை வழி என்பதும் தமிழ் கற்றோர் நன்கறிந்த செய்திகள். அவ்வழியில் அவர்களைக் காணும் ‘கண்டோர்’, பொழுது சாய்ந்துவிட்டது, எம் ஊர் அருகில்தான் உள்ளது, தங்கிச் செல்லுங்கள் என்று பரிந்துரைப்பது அகத்திணை மரபு. இம்மரபை வகுப்பறையில் பலகாலும் விளக்கியிருக்கிறேன். ஆயினும், அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலச் சாலையின் வரலாற்றைப் படித்தபோதுதான், கண்டோர் கூற்றில் பொதிந்துள்ள பண்பு எத்துணை அரியது என்பது விளங்கிற்று. அச்சாலையின் ஊர்கள் பல, பொழுது சாயுமுன் வெளியேறுக என்று கூறிய ஊர்கள். அவற்றின் வழியே கோடையில் பயணம் சென்ற கணவன் மனைவியரின் வரலாறே இக்கட்டுரையின் பொருளாகும்.

66ஆம் எண் சாலை

சிகாகோவையும் லாஸ் ஏஞ்சல்ஸையும் இணைத்த 66ஆம் எண் நெடுஞ்சாலை 1926ஆம் ஆண்டு தோன்றியது. எட்டு மாநிலங்களின் ஊடாக ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர் நீண்ட அச்சாலை முழுவதும் தளமிடப்பெற்றது 1938இல்தான். அதன் மேற்குப் பகுதி நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிபோர்னியா ஆகிய மூன்று மாநிலங்களின் வறண்ட நிலத்தில் செல்கிறது. செம்பாறை மேடுகள், கல்லாகிப்போன பழங்கால மரங்கள் கிடக்கும் வெளி, கொலராடோ ஆறு, அதற்கப்பால் மொஹாவி பாலை எனக் காட்சிகள் மாறிக்கொண்டே வரும். ஆற்றங்கரையிலுள்ள நீடில்ஸ் என்னும் ஊரில் கோடை நண்பகலில் வெப்பம் 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது இயல்பு. அங்கிருந்து பார்ஸ்டோ வரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர். இடையே சிற்றூர்கள் சிலவே உள்ளன.

குளிர்சாதன வசதியற்ற அக்காலக் கார்களில் சென்றோர் பலர் இரவிலேயே பாலையைக் கடக்க விரும்பினர். காரின் முகப்பில் கித்தான் நீர்ப்பையைத் தொங்கவிட்டனர். பையின் புறத்தே கசியும் நீர் ஆவியாக, உள்ளிருக்கும் நீர் குளிரும். நம் மண்பானையின் இயல்பே அது. இயந்திரம் கொதித்து நின்றாலும் அந்நீரே உதவியது.

பயணிகளின் கண்ணுக்கு இது வெற்று நிலமாகத் தோன்றியிருக்கலாம். உண்மையில் இது நவஹோ, ஹோப்பி, அகோமா, லகூனா முதலிய தொல்குடிகளின் தாயகம். 1864இல் படையினரால் தம் நிலத்தினின்று துரத்தப்பெற்ற நவஹோ மக்கள், 1868ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின்னரே மீள முடிந்தது. 1924இல் தொல்குடியினர் அனைவரும் அமெரிக்கக் குடிமக்களாக ஏற்கப்பட்டும், அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் அவர்கள் வாக்குரிமை பெற 1948 வரை காத்திருக்க நேர்ந்தது. நிலத்துக்கு உரியவர்க்கே இந்நிலை எனில், வழிப்போக்கரின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை.

பொழுது சாயுமுன்

1940களின் ஒரு கோடையில் சிகாகோவிலிருந்து புறப்படும் கறுப்பினக் கணவனையும் மனைவியையும் எண்ணிப் பார்ப்போம். அவர்கள் காரில் ஏற்றும் பொருள்களே அவர்களது நிலையைச் சொல்லிவிடும். உணவகங்கள் மறுக்கக்கூடும் என்பதால் கட்டுச்சோறு; எரிபொருள் நிலையங்கள் மறுக்கக்கூடும் என்பதால் தகரத்தில் பெட்ரோல்; விடுதிகள் மறுக்கக்கூடும் என்பதால் போர்வைகள்; கழிப்பறைகள் மறுக்கக்கூடும் என்பதால் அதற்கும் ஒரு கலம். சிலர் ஓட்டுநர் அணியும் தொப்பி ஒன்றையும் உடன் வைத்திருந்தனர். இக்கார் யாருடையது என்று காவலர் வினவினால், முதலாளியுடையது என்று கூறித் தப்புவதற்காக! தன் உழைப்பில் வாங்கிய காரைத் தன்னுடையதன்று என்று மனைவியின் முன்னிலையில் ஒருவன் கூற நேர்வதைவிடக் கொடிய வெயில் எந்தப் பாலையில் உண்டு?

மாலை நெருங்க நெருங்க அச்சம் மிகும். இருட்டியபின் கறுப்பினத்தவர் இருத்தலாகாது என்று விலக்கிய ஊர்கள் அந்நாட்டின் தெற்கில் மட்டுமின்றி வடக்கிலும் மேற்கிலும் இருந்தன. 66ஆம் எண் சாலை கடந்த மாவட்டங்களுள் ஏறத்தாழப் பாதியில் அத்தகைய விலக்கு நிலவியதாக ஆய்வாளர் கூறுவர். இதனால், களைத்த கணவன் ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் உறங்கிவிடாதவாறு மனைவி பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

மாநில எல்லைகள் இல்லறத்தையும் தொட்டன. வேற்றினத்தாரிடையே மணத்தைத் தடுத்த சட்டத்தை நியூ மெக்சிகோ 1866இலேயே நீக்கிவிட்டது. கலிபோர்னியாவில் அத்தடை 1948இல் நீதிமன்றத் தீர்ப்பால் வீழ்ந்தது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட அரிசோனாவிலோ 1962 வரை நீடித்தது. வெள்ளையரை மணத்தலாகாதவர் பட்டியலில் அம்மாநிலச் சட்டம் ‘இந்துக்கள்’ என்று ஒரு பிரிவையும் சேர்த்திருந்தது. சமயத்தைக் குறித்ததன்று அச்சொல்; இந்தியரையே அவ்வாறு குறித்தது. ஆகவே, இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலார் கதையன்று.

வழிகாட்டிய நூல்

இந்நிலையில்தான், நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்பார் 1936இல் ஒரு சிறு நூலை வெளியிட்டார். அவர் தபால்காரர், தெருக்களையும் வீடுகளையும் அறியும் தொழில் அவருடையது. ‘நீக்ரோ மோட்டாரிஸ்ட் கிரீன் புக்’ என்னும் அந்நூல், கறுப்பினப் பயணியரை ஏற்கும் விடுதிகள், உணவகங்கள், பழுது நீக்கும் கடைகள் ஆகியவற்றை ஊர்வாரியாகத் தொகுத்துத் தந்தது. தொடக்கத்தில் நியூயார்க் வட்டாரத்தை மட்டும் கொண்டிருந்த நூல், பயணியர் அனுப்பிய செய்திகளால் ஆண்டுதோறும் வளர்ந்து நாடு முழுவதையும் தழுவியது. எஸ்ஸோ நிறுவனத்தின் எரிபொருள் நிலையங்களிலும் அது கிடைத்தது. விடுதி இல்லாத ஊர்களில், தம் வீட்டு அறையை வாடகைக்குத் தந்த பெண்களின் பெயரும் முகவரியும் அதில் இடம்பெற்றன. 1960இல் விக்டர் கிரீன் மறைந்தபின் அவர் மனைவி ஆல்மா கிரீன் பணியைத் தொடர்ந்தார். கணவனும் மனைவியுமாகச் செல்வோர்க்கு வழி சொன்ன நூலைக் கணவனும் மனைவியுமே காத்தனர் எனலாம்.

பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர், எதிர்ப்படும் கலைஞரை இன்ன வழியில், இன்னாரிடம் செல்க என ஆற்றுப்படுத்துவது ஆற்றுப்படை. பெற்றவர் பெறாதார்க்கு உரைக்கும் அப்பண்பே இந்நூலையும் வளர்த்தது. வேறுபாடு ஒன்றுண்டு. நம் பாணரும் கூத்தரும் வேண்டியது வள்ளலின் கொடை. இவர்கள் வேண்டியதோ பணம் கொடுத்துப் பெறும் ஒரு கட்டில். அதற்கும் ஓர் ஆற்றுப்படை தேவைப்பட்டது என்பதே இவ்வரலாற்றின் துயரம்.

பாலையில் ஒரு வீடு

அந்நூல் சுட்டிய இடங்களுள் ஒன்று, மொஹாவி பாலையில் விக்டர்வில் நகருக்கு அருகே நோலி மரே, லேலா மரே என்னும் கறுப்பினத் தம்பதியர் நடத்திய பண்ணை விடுதி. 66ஆம் எண் சாலை செல்லும் அப்பகுதியில், குதிரை ஏறவும் நீந்தவும் அச்சமின்றி உறங்கவும் அங்கு வாய்ப்பிருந்தது. புகழ்பெற்ற குத்துச்சண்டை வீரர் ஜோ லூயிஸ் அங்குத் தங்கியவருள் ஒருவர். 1930களின் பிற்பகுதியில், பாடகர் ஹெர்ப் ஜெஃப்ரீஸ் குதிரை வீரராக நடித்த படங்கள் அப்பண்ணையில் படமாக்கப்பட்டன. வெள்ளையரே குதிரை வீரராகத் தோன்றிய திரையில் கறுப்பின நாயகர் ஒருவர் தோன்ற, பாலையில் ஒரு தம்பதியர் அமைத்த வீடு இடம் தந்தது. லேலா மறைந்தபின், 1950களின் நடுவில், பாடகி பேர்ல் பெய்லி அப்பண்ணையை வாங்கினார்.

நிறைவாக

1964ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் குடிமை உரிமைகள் சட்டம் நிறைவேறியது. விடுதிகளிலும் உணவகங்களிலும் இனவேற்றுமை காட்டுதல் சட்டத்துக்குப் புறம்பாயிற்று. வழிகாட்டி நூலின் இறுதிப் பதிப்பு 1966–67க்கு உரியது. தம் நூல் தேவையற்றுப் போகும் நாள் வரவேண்டும் என்று விக்டர் கிரீன் அந்நூலிலேயே எழுதியிருந்தார். அந்நாளைக் காண அவர் இல்லை. எல்லா விடுதிகளும் திறந்தபின், அதுவரை இடம் தந்த சிறு விடுதிகள் பல வாடிக்கையாளரை இழந்து மூடப்பட்டன. 66ஆம் எண் சாலையும் 1985இல் நெடுஞ்சாலைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இன்று அதன் எஞ்சிய பகுதிகளில் பழைய விடுதிகளின் வண்ண விளக்குகளைக் காணக் கணவன் மனைவியர் உலகெங்கிலுமிருந்து வருகின்றனர்.

தன் காலத்திலேயே தன் முடிவை வேண்டிய நூல்கள் மிகச் சில. ஆற்றுப்படை நூல்கள் வள்ளல்களை வாழ்த்தி நின்றன. இந்நூலோ, தான் வழக்கொழிந்தால்தான் மக்கள் வாழ்வர் என்று அறிந்திருந்தது. ஒரு சாலையின் பெருமை அதன் நீளத்தில் இல்லை; பொழுது சாயும் வேளையில் அதன் ஓரத்து ஊர் வழிப்போக்கரிடம் என்ன சொல்கிறது என்பதில்தான் இருக்கிறது. தங்கிச் செல்லுங்கள் என்ற கண்டோரின் குரல் எல்லாப் பாலையிலும் எல்லார்க்கும் ஒலிக்க வேண்டும்.