எழுதுகோல் யார் பக்கம்?

பரீட்சையில் தேறினால் உத்தியோகம். உத்தியோகம் கிடைத்தால் வாழ்வு. அட்டன் மலைச்சரிவுப் பாடசாலைகளில் நாம் நாள்தோறும் இதைத்தான் போதிக்கிறோம். ஆனால், உத்தியோகத்தில் அமர்ந்தபின் கற்றவனின் எழுதுகோல் யாருக்காக எழுதவேண்டும் என்பதை நாம் போதிப்பதில்லை. அவ்வினாவுக்கு வரலாறு விடை தருகிறது.

கல்வித் தேர்வின் வழியே பதவி என்னும் முறை சீனத்தில் தோன்றியது. ஏறத்தாழ 1300 ஆண்டுகள், 1905 வரை நிலவியது. கவிஞர் பை ஜூயி 800ஆம் ஆண்டில் அத்தேர்வில் தேறியவர். சிற்றதிகாரியாயிருந்தபோது, வெயிலில் கோதுமை அறுப்போரையும் சிந்திய கதிர் பொறுக்கும் ஏழைப் பெண்ணையும் கண்டார். உழாமலே சம்பளம் பெறும் தம்மை எண்ணி நாணிக் கவிதை எழுதினார். ஆயினும், பல்லாண்டுகள் ஏட்டோடு அமர்ந்திருக்க வசதி பெற்றோரே பெரும்பாலும் அத்தேர்வில் வென்றனர். கதிர் பொறுக்கியவளின் மகனுக்கு அவ்வழி எட்டாத வழியே.

பிரித்தானிய ஆட்சியும் 1855இல் இந்திய சிவில் சேவைக்குப் போட்டிப் பரீட்சையை ஏற்படுத்தியது. கேம்பிரிட்ஜில் பயின்ற பொன்னம்பலம் அருணாசலம், அத்தகைய பரீட்சையின் மூலம் 1875இல் இலங்கைச் சிவில் சேவையுள் நுழைந்த முதல் இலங்கையரானார். நீதிபதியாகவும் பதிவாளர் நாயகமாகவும் பணியாற்றினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை நடத்தினார். திருவாசகப் பாக்களை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அறிஞரும் அதிகாரியும் அவருள் ஒன்றாயினர்.

ஆனால், அவர் சேவித்த அரசின் சட்டப் புத்தகத்தில் 1865ஆம் ஆண்டுத் தொழிற் சட்டமும் இருந்தது. ஒப்பந்தத்தை மீறித் தோட்டத்தைவிட்டு வெளியேறுவது அச்சட்டத்தின்படி குற்றம். அதற்குத் தண்டனை சிறை! உழைப்பவன் ஓடினால் விலங்கு. உழைப்பை உறிஞ்சியவனுக்கோ மாளிகை.

1913இல் ஓய்வுபெற்ற பின்னரே அருணாசலத்தின் குரல் இக்கொடுமைக்கெதிராக ஓங்கி ஒலித்தது. 1919இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தை நிறுவிப் போராடினார். 1920களின் தொடக்கத்தில் அத்தண்டனைப் பிரிவுகள் நீக்கப்பட்டன. அப்பெருமையை நாம் மறுப்பதற்கில்லை. எனினும், பதவிநாற்காலி கற்றவரின் நாவை எத்தனை ஆண்டுகள் கட்டிவைக்கவல்லது என்பதையும் எண்ணாதிருக்க முடியாது.

மேலிருந்து வரும் கருணை மட்டும் போதாது என்பதை மலையகம் விரைவிலேயே கண்டது. 1931இல் கோ. நடேசய்யர் அட்டனில் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தார். கொழுந்து கொய்தோர் தம் கோரிக்கையைத் தாமே உரைக்கத் தொடங்கினர்.

அதிகாரியின் எழுதுகோல் மீண்டும் ஒருமுறை இம்மக்கள்மீது பாய்ந்தது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இலட்சக்கணக்கானோர் விண்ணப்பித்தனர். பெரும்பாலான விண்ணப்பங்களை மேசைக்குப் பின்னிருந்த கற்றோர் நிராகரித்தனர். மூன்று தலைமுறையாக இம்மண்ணைக் கொத்தியவனிடம், இம்மண்ணுக்குரியவன் என்பதற்குக் காகிதச் சான்று கேட்கப்பட்டது. எஞ்சிய நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேதான் வந்தது.

இன்று லயத்துப் பிள்ளைகளும் பரீட்சையில் தேறுகிறார்கள். கச்சேரிகளிலும் பிரதேச செயலகங்களிலும் அமர்கிறார்கள். கதிர் பொறுக்கியவளின் மகனுக்கு அன்று எட்டாதது நம் மாணவருக்கு எட்டியிருக்கிறது. நாளை, கொழுந்துக் கறை படிந்த கையில் பிறப்புச் சான்றிதழை ஏந்தி ஒரு தாய் அவர்கள் மேசை முன் நிற்பாள். அவளை உட்காரச் சொல்லும் மனமும், அவளுக்காக மேலிடத்தை எதிர்த்து எழுதும் துணிவும் அவர்களிடம் இருக்கவேண்டும். அவற்றை ஓய்வூதியக் காலம்வரை ஒத்திப்போட வேண்டாம் என்பதே ஆசிரியர்களாகிய நாம் கற்பிக்கவேண்டிய முதற் பாடம்.