வீட்டுப் பட்டறையில் பழைய கம்ப்ரஸர்: ஜொகூர் மின்வழங்கலை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

ஆலைகள் கழித்துவிடும் 7.5 குதிரைத்திறன் கம்ப்ரஸர்கள், பாசிர் கூடாங் போன்ற தொழில்நகரங்களைக் கொண்ட ஜொகூரில் வீட்டுப் பட்டறை வைத்திருப்போரை எளிதில் ஈர்ப்பவை. வாங்குபவர் முதலில் கேட்பது, வீட்டு மின்சாரத்தில் ஓடுமா என்பதுதான். அதற்கு மோட்டாரின் பெயர்ப்பலகை விடை சொல்லும். அதைவிட முக்கியமான கேள்வி தொட்டியைப் பற்றியது என்பதே இக்கட்டுரையின் துணிபு.

2. மின்வழங்கல்

மலேசியாவில் 2008 முதல் பெயரளவு மின்னழுத்தம் ஒருமுனைக்கு 230 வோல்ட், மும்முனைக்கு 400 வோல்ட்; அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். தாமான் வரிசை வீடுகளில் பெரும்பாலும் ஒருமுனை இணைப்புதான். 7.5 குதிரைத்திறன் மோட்டார் மும்முனையில் சுமார் 11 ஆம்பியர் இழுக்கும். நேரடியாகத் தொடங்கினால் அந்த நொடியில் ஆறேழு மடங்கு. ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் அதை மூன்றிலொரு பங்காக்கும். திருப்புவிசையும் அதே அளவு குறைந்துவிடும். ஆகவே, கம்ப்ரஸர் நின்றதும் பிஸ்டன் தலையில் தேங்கிய காற்றை வெளியேற்றும் வால்வு பழுதானால், அடுத்த முறை மோட்டார் சுழலாமல் உறுமும். மோட்டாரை ரீவைண்டிங்குக்கு அனுப்புமுன் அந்த வால்வைப் பார்க்க வேண்டும்.

3. பெயர்ப்பலகை

பலகையில் 400/690 என்றிருந்தால் அது மும்முனை 400 வோல்ட் மோட்டார். ஒருமுனை மின்சாரத்தை மும்முனையாக்கும் சாதாரண இன்வெர்ட்டர் 230 வோல்ட்டுக்கு மேல் தராது. இந்த மோட்டாருக்கு அது உதவாது. ஜப்பானிலிருந்து வரும் 200 வோல்ட் மோட்டாருக்கோ அது பொருந்தும், வெளியீட்டை 200 வோல்ட்டில் நிறுத்திவைத்தால். ஆயினும் 7.5 குதிரைத்திறனில் ஒருமுனைப் பக்கம் 30 ஆம்பியரைத் தாண்டும். வீட்டின் மற்ற சுமையோடு இதையும் ஒருமுனை இணைப்பு தாங்காது. 3 குதிரைத்திறன் வரை இன்வெர்ட்டர் போதும். அதற்கு மேல், மின்வழங்கு நிறுவனமான தெனாகாவிடம் மும்முனை இணைப்புக்கு விண்ணப்பிப்பதே சரி. வேலையை மும்முனைத் தகுதிச் சான்று பெற்ற வயர்மேன் செய்ய வேண்டும்.

4. தொட்டி

30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஜொகூர்க் காற்றில் ஒரு கன மீட்டருக்குச் சுமார் 24 கிராம் நீர் இருக்கும். நிமிடத்துக்கு 600 லிட்டர் காற்றை உள்ளிழுத்து 8 பாருக்கு அழுத்தும் கம்ப்ரஸர் ஒரு மணி நேரம் இடைவிடாமல் ஓடி, அந்தக் காற்று ஆறினால், ஏறத்தாழ முக்கால் லிட்டர் நீர் பிரியும். வடிகுழாயைத் தினமும் திறக்காத தொட்டியில் அது அடியில் தங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே புதுப் பெயிண்ட் பளபளக்கும். தகடு பாதியாய்த் தேய்ந்திருக்கும்.

ஆலைத் தொட்டியில் ஜேகேகேபியின் (தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை) பிஎம்டி எனும் அழுத்தக்கலன் பதிவு எண் பொறித்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வடிகுழாயைக் கழற்றி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். காற்றால் அல்ல, நீரால் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லுங்கள். மோட்டாரை ரீவைண்ட் செய்யலாம். அரித்த தொட்டியை வெல்டிங்கில் ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது. விற்பவர் சோதனைக்கு மறுத்தால், விலை எவ்வளவு குறைவானாலும் வாங்காதீர்கள்.