பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் அதிகாரம்: 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டத்தின் 18ஆம் பிரிவை முன்வைத்து

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் செயல்படும் ராயல் பிராணிவதைத் தடுப்புச் சங்கம் 1824இல் லண்டனில் தொடங்கப்பட்டது. லண்டன் மாநகரக் காவல்துறைக்கு அது ஐந்து ஆண்டு மூத்தது. ஆனாலும் அதன் ஆய்வாளர்களுக்கு 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் அமலாக்க அதிகாரம் எதையும் தரவில்லை. அச்சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி, அரசோ உள்ளாட்சி அமைப்போ நியமித்தவர்தான் ஆய்வாளர். சங்கத்தின் சீருடையில் வருபவரும் அதே பதவிப்பெயரால் அழைக்கப்பட்டாலும், சட்டத்தின் பார்வையில் அவர் மற்றக் குடிமக்களைப் போன்றவரே. பூட்டிய கொட்டிலைத் திறக்கவோ விலங்கைப் பறிமுதல் செய்யவோ அவருக்கு உரிமையில்லை.

அப்படியிருந்தும் சங்கம் நடைமுறையில் செல்வாக்கோடு விளங்குவது எப்படி? வழக்குத் தொடுக்கும் உரிமையே காரணம் என்பது ஆராய்ச்சியாளர்களிடையே நெடுங்காலமாக நிலவும் விடை. சங்கத்தின் பலம் நீதிமன்றத்தில் அல்ல, அதற்கு முந்திய கட்டத்தில், விலங்கு கைமாறும் இடத்தில் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

பழைய விடைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. 2012இல் ஹெய்த்ராப் வேட்டைக் குழு மீது சங்கம் தொடுத்த வழக்குக்கு ஏறத்தாழ 3,27,000 பவுண்டு செலவானதை நடுவரே வியந்து கண்டித்தார். அதே ஆண்டில் லாமன்ட்-பெர்கின்ஸ் வழக்கில், 31ஆம் பிரிவின் நீட்டிக்கப்பட்ட காலவரம்பு சங்கம் போன்ற தனியார் வழக்குத் தொடுநர்களுக்கும் பொருந்தும் என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இவ்விரண்டும் ஆராய்ச்சியாளர்களின் கவனத்தை வழக்கின் பக்கமே திருப்பிவிட்டன. ஆனால் தனியார் வழக்கு என்பது 1985ஆம் ஆண்டு குற்ற வழக்குத் தொடுப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு யாவருக்கும் விட்டுவைத்த உரிமை. அரசு வழக்குத் தொடுப்பு இயக்குநர் விரும்பினால் அவ்வழக்கைத் தம் கையில் எடுத்துக்கொள்ளலாம், கைவிடவும் செய்யலாம். எல்லோருக்கும் பொதுவான ஓர் உரிமை, ஒரு சங்கத்துக்கு மட்டும் வாய்த்த இடத்தை விளக்கப் போதாது.

அந்த இடத்தை விளக்குவது 18ஆம் பிரிவு. துன்பத்தில் இருக்கும் விலங்கு பற்றிய அதிகாரங்கள் அனைத்தையும் அது இருவருக்கே தருகிறது: சட்டப்படி நியமிக்கப்பட்ட ஆய்வாளர், காவலர். இத்தோடு வாசிப்பை நிறுத்துவோருக்குச் சங்கம் வெளியாள்தான். ஆனால் அதிகாரங்கள் வகுக்கப்பட்டுள்ள விதத்தைக் கவனிக்க வேண்டும். முதல் உட்பிரிவின்படி துன்பத்தைத் தணிக்க உடனடியாகத் தேவைப்படும் நடவடிக்கையைக் காவலர் தாமே எடுக்கலாம், அல்லது பிறரைக் கொண்டு எடுப்பிக்கலாம். ஐந்தாம் உட்பிரிவு, விலங்கு துன்புறுகிறது என்றோ நிலைமை மாறாவிட்டால் துன்புறக்கூடும் என்றோ கால்நடை மருத்துவர் சான்றளித்தால் அதைக் கையகப்படுத்த இடமளிக்கிறது. எட்டாம் உட்பிரிவு, கையகப்படுத்திய விலங்கைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசெல்வது, பராமரிப்பது, அடையாளமிடுவது ஆகிய மூன்றையும் காவலர் செய்யலாம் அல்லது செய்விக்கலாம் என்கிறது. கையகப்படுத்தும் செயலுக்கு மட்டும் இந்த மாற்று வழி இல்லை. அதைக் காவலரோ ஆய்வாளரோதான் செய்தாக வேண்டும். அதற்கு முன்னும் பின்னும் உள்ள வேலைகளைப் பிறரிடம் ஒப்படைக்கலாம். சட்டம் வேண்டுமென்றே வகுத்த பங்கீடாகவே இதைக் கொள்ளத் தோன்றுகிறது.

களத்தில் இப்பங்கீடு நடக்கும் விதம் வருமாறு. எலும்பு தெரிய மெலிந்து, குளம்பு வளர்ந்து வளைந்த குதிரைகள் நிற்கும் ஒரு தொழுவம். புகாரைப் பெற்று முதலில் வருபவர் சங்கத்தின் ஆய்வாளர். கால்நடை மருத்துவரை வரவழைப்பவரும் பெரும்பாலும் அவரே. மருத்துவர் விலா எலும்பைத் தடவிப் பார்த்து, உடல்நிலைக்கு மதிப்பெண் இட்டுச் சான்றில் கையெழுத்திடுகிறார். காவலர் அதை வாங்கிப் படித்து, குதிரைகளைத் தாம் கையகப்படுத்துவதாக உரிமையாளரிடம் அறிவிக்கிறார். அடுத்த கணம் குதிரைகள் சங்கம் ஏற்பாடு செய்த வண்டியில் ஏறுகின்றன. சட்டம் கேட்கும் அதிகாரச் செயல் காவலரின் அந்த ஓர் அறிவிப்போடு முடிந்துவிடுகிறது. லாயம், தீவனம், மருத்துவம், பதிவேடு என்று பல மாதங்கள் நீளும் மீதி யாவும் சங்கத்தின் பொறுப்பு.

இங்கே 3ஆம் பிரிவை இணைத்து வாசிப்பது அவசியம். விலங்குக்குப் பொறுப்பானவர் என்பதில் தற்காலிகமாகப் பொறுப்பேற்றவரும் அடங்குவார் என்கிறது அது. ஆகவே உரிமையாளரின் பொறுப்பு நீங்காத நிலையிலேயே, அவருக்குப் பக்கத்தில் சங்கமும் பொறுப்பாளராகிறது. 9ஆம் பிரிவு சுமத்தும் நலக் கடமையும் அதைச் சேர்கிறது. அன்றாடம் விலங்கைப் பற்றி முடிவெடுக்கும் தகுதி அந்தக் கடமையின் வழியாகவே வருகிறது. நேரடியாக அதிகாரம் வழங்காத சட்டம், கடமையைச் சுமத்துவதன் மூலம் சங்கத்தை உள்ளே விட்டிருக்கிறது.

பணமும் இதே திசையைக் காட்டுகிறது. 18ஆம் பிரிவின் பதின்மூன்றாம் உட்பிரிவு, இப்பிரிவின்கீழ் செயல்பட்டுச் செலவு செய்தவர் அதைத் திரும்பப் பெற நடுவர் மன்றத்தை அணுகலாம் என்கிறது. அவர் காவலராகவோ ஆய்வாளராகவோ இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. 20ஆம் பிரிவின்கீழ் விலங்கை விற்கவோ வேறொருவரிடம் ஒப்படைக்கவோ கருணைக்கொலை செய்யவோ ஆணை கேட்கும் உரிமை உரிமையாளருக்கு மட்டுமின்றி, அவ்விலங்கில் போதிய அக்கறை உடையவராக மன்றம் கருதும் எவருக்கும் உண்டு. மாதக்கணக்கில் தீவனம் போட்டவரை விடப் போதிய அக்கறை உடையவர் யார்?

சங்கம் காவலரின் கருவி மட்டுமே, முடிவு அவருடையது என்ற மறுப்பு எழலாம். வடிவத்தில் அது சரி. ஆனால் சான்றையும் வண்டியையும் லாயத்தையும் ஒருவர் ஆயத்தமாக வைத்திருக்க, மற்றவர் எடுக்கும் முடிவு எவ்வளவு சுதந்திரமானது என்பதை அம்மறுப்பு கேட்பதில்லை. உள்ளாட்சிகளும் இதையெல்லாம் செய்யலாமே என்பது இன்னொரு மறுப்பு. செய்யலாம், ஆனால் அவ்வளவு விலங்குகளை நெடுங்காலம் வைத்துக் காக்கும் இடவசதி அவற்றில் பலவற்றுக்கு இல்லை.

ஸ்காட்லாந்து ஒப்பீடு இவ்வாதத்துக்கு வலுச் சேர்க்கிறது. 1839இல் தோன்றிய ஸ்காட்லாந்துப் பிராணிவதைத் தடுப்புச் சங்கத்தின் ஆய்வாளர்கள், அமைச்சர்களின் அங்கீகாரம் பெற்று, விலங்கைக் கையகப்படுத்தும் அதிகாரத்தைச் சட்டப்படியே பயன்படுத்துகிறார்கள். வழக்கை மட்டும் அரசு வழக்குத் தொடுநரான புரோக்குரேட்டர் பிஸ்கலிடம் விட்டுவிடுகிறார்கள். வழக்கே அதிகாரத்தின் உயிர் என்றால் அச்சங்கம் பலமற்றுப் போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை.

இங்கிலாந்துச் சங்கமும் தன் வழக்குகளை அரசு வழக்குத் தொடுப்புத் துறையிடம் ஒப்படைக்கும் எண்ணத்தை 2021இல் அறிவித்தது. அதோடு பொறுப்புக்கூறல் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு, இக்கட்டுரையின் வாசிப்பு சரியானால், பாதியளவே நிறைவேறும். வழக்கு கைவிட்டுப் போனாலும் விலங்கு சங்கத்தின் காவலில்தான் இருக்கும். ஆகவே சீர்திருத்தம் தொட வேண்டிய இடம் 18ஆம் பிரிவு: காவலர் பராமரிப்பை ஒப்படைக்கும்போது எழுத்தில் பதிவு, குறித்த இடைவெளியில் மறு ஆய்வு, உரிமையாளருக்கு 20ஆம் பிரிவு உரிமை பற்றிய அறிவிப்பு ஆகிய மூன்றும் அங்கே சேர்க்கப்பட வேண்டும்.